மிச்சம் யார் கணக்கில்? உள்ளாட்சியின் மின்செலவும் கரிம உமிழ்வும்

உள்ளாட்சி அமைப்பு ஒன்றின் எரிசக்திச் செலவு பெரும்பாலும் மூன்று வேலைகளில் அடங்கிவிடுகிறது: தண்ணீரை ஏற்றுவது, தெருவுக்கு இரவில் வெளிச்சம் தருவது, ஊர்க் கழிவை அப்புறப்படுத்துவது. அலுவலகம், பள்ளி, சந்தை, பேருந்து நிலையம், தகன மேடை ஆகியவற்றின் செலவு இவற்றுக்குப் பின்னால்தான் வரும். குளிர்நாடுகளில் இந்த வரிசை மாறும். அங்கே கட்டடங்களைச் சூடாக வைத்திருப்பதே முதற்செலவு. இந்தச் செலவைக் குறைக்கும் தொழில்நுட்பங்களில் புதிராக எதுவும் இல்லை. நல்ல பம்பு, எல்இடி விளக்கு, வெப்பக்காப்பு, கூரைமேல் சூரியத் தகடு எல்லாமே கடையில் கிடைப்பவை. போட்ட பணத்தைச் சில ஆண்டுகளில் திருப்பித் தருபவை. ஆனாலும் பெரும்பாலான மன்றங்களில் அவை நடப்பதில்லை. காரணத்தைப் பொறியியலில் தேடுவதைவிட வரவுசெலவுப் புத்தகத்தில் தேடுவது நல்லது. பொதுவாக உள்ளாட்சியில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பவர் ஒருவர். அந்த மிச்சம் போய்ச் சேரும் கணக்கு வேறொருவருடையது.

முதல் வேலை அளவெடுப்பு. மன்றத்தின் பெயரில் உள்ள ஒவ்வொரு மின் இணைப்பும் எங்கே இருக்கிறது, எதற்கு ஓடுகிறது, மாதம் எத்தனை யூனிட் எடுக்கிறது என்ற பட்டியல் பல அலுவலகங்களில் இருப்பதில்லை. கட்டணச் சீட்டுகளின் கட்டு மட்டும் இருக்கும். அந்தக் கட்டைப் பிரித்து இணைப்புவாரியாக எழுதும்போதே சில செய்திகள் தாமாக வெளிப்படும். வற்றிப்போன ஆழ்துளைக் கிணற்றின் இணைப்புக்கு நிலைக்கட்டணம் போய்க்கொண்டிருக்கும். உயரழுத்த இணைப்பில் மின்திறன் காரணி 0.90-க்குக் கீழே இறங்கியதால் அபராதம் கட்டப்பட்டிருக்கும். தகுந்த மின்தேக்கி ஒன்றைப் பொருத்தினால் அடுத்த மாதமே அது நின்றுவிடும். யூனிட் கணக்குக் கையில் இருந்தால் கரிமக் கணக்கு ஒரு பெருக்கல்தான். நிலக்கரி மிகுந்த இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. வண்டிகளின் டீசலையும் குப்பையிலிருந்து எழும் மீத்தேனையும் அதனோடு கூட்டிக்கொண்டால் மன்றத்தின் சொந்த உமிழ்வு கிடைத்துவிடும். அந்தக் கணக்கை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது என்பதையும் முதலிலேயே தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் வரும் ஒவ்வொரு நிர்வாகமும் தனக்கு வசதியான ஆண்டை அடிப்படையாக எடுத்துக்கொள்ளும்.

இந்த வழியில் முன்னோடி என்று உலகம் முழுவதும் சுட்டப்படும் ஊர் இங்கிலாந்தின் வோக்கிங். லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழும் நகரம் அது. பருவநிலை பற்றிய பேச்சு நகர மன்றங்களை எட்டியிராத 1990-91-இலேயே வோக்கிங் மன்றம் தன் எரிசக்திச் செலவைக் குறைக்கும் கொள்கையை வகுத்தது. அதற்கென 2.5 லட்சம் பவுண்டு கொண்ட ஒரு நிதியை ஒதுக்கியது. அதன் விதி எளியது. நிதியிலிருந்து எடுத்த பணத்தில் ஒரு கட்டடத்துக்கு வெப்பக்காப்பு போடப்படும், அல்லது பழைய கொதிகலன் மாற்றப்படும். அதனால் கட்டணத்தில் மிச்சமாகும் தொகை பொதுக்கணக்கில் கரையாமல் அதே நிதிக்குத் திரும்பும். அடுத்த வேலைக்கு அதுவே முதலாகும். முதலில் விரைவாகப் பணம் திரும்பும் சிறு வேலைகள், பிறகு நீண்டகாலம் பிடிக்கும் பெரிய வேலைகள் என்ற வரிசை இந்த விதியிலிருந்து இயல்பாக அமைந்தது. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டக் கூட்டத்தில் கையேந்தி நிற்கும் நிலை எரிசக்திப் பிரிவுக்கு வரவில்லை. வோக்கிங்கின் மற்ற சாதனைகள் எல்லாம் இந்த ஒரு கணக்குவிதியின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் அந்த ஊரைப் பற்றிய எழுத்துகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

அதிகம் பேசப்பட்டவை இயந்திரங்கள். தொலைவில் உள்ள பெரிய அனல் மின்நிலையத்தில் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கும் மேல் வீண்வெப்பமாகக் குளிர்விப்புக் கோபுரத்தின் வழியே போய்விடுகிறது. சிறிய மின்நிலையத்தை ஊருக்குள்ளேயே அமைத்தால் அந்த வெப்பத்தைக் குழாய்வழியே கட்டடங்களுக்குக் கொண்டுபோகலாம். வோக்கிங்கின் நகர மையத்தில் இவ்வாறு இயற்கை எரிவாயுவில் ஓடும் வெப்ப-மின் நிலையம் ஒன்று 2001-இல் இயங்கத் தொடங்கியது. மன்ற அலுவலகமும் அருகிலிருந்த பிற கட்டடங்களும் அதிலிருந்து மின்சாரமும் வெப்பமும் பெற்றன. கோடையில் அதே வெப்பம் உறிஞ்சுமுறைக் குளிரூட்டியை இயக்கியது. நகரப் பூங்காவின் நீச்சல்குள வளாகத்தில் 200 கிலோவாட் எரிபொருள் மின்கலம் நிறுவப்பட்டது. மின்சாரத்தைத் தேசியத் தொகுப்பில் விட்டுத் திரும்ப வாங்காமல், மன்றம் தானே கம்பி இழுத்து நேரடியாக வழங்கியது. தொகுப்புக்கான கட்டணங்கள் மிச்சமானதால்தான் கணக்கு கட்டுபடியானது. மின்விற்பனை உரிமத்திலிருந்து விலக்கு தரும் விதிகள் வீடுகளுக்கு வழங்கும் அளவை வரம்பிட்டிருந்தன. அந்த வரம்புக்குள் நின்றே இது செய்யப்பட்டது. மன்றத்தின் எரிசக்திப் பணிகளை முன்னின்று நடத்திய ஆலன் ஜோன்ஸ் 2004-இல் லண்டன் மாநகரின் பருவநிலை மாற்ற முகமைக்குத் தலைமையேற்கப் போனார்.

மன்றத்தின் சொந்தக் கட்டடங்களில் 2004 வாக்கில் எரிசக்திப் பயன்பாடு ஏறத்தாழப் பாதியாகவும், கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு ஏறத்தாழ 77 விழுக்காடும் குறைந்திருந்தன. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் கவனிக்கத்தக்கது. சிக்கனத்தால் பயன்பாடு பாதியானது. எஞ்சிய பாதியை உள்ளூரிலேயே குறைந்த கரிமத்தில் உற்பத்தி செய்ததால் உமிழ்வு மேலும் இறங்கியது. சிக்கனம் முந்தி, உற்பத்தி பிந்தி என்ற வரிசை மாறியிருந்தால், தேவைக்கு மிஞ்சிய பெரிய நிலையங்களைக் கட்டி முடித்துவிட்டு, பிறகு அவற்றுக்கு வேலை தேடியிருக்க வேண்டும்.

வோக்கிங்கின் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எரிசக்தித் திட்டங்களுக்காக மன்றம் 1999-இல் தேம்ஸ்வே என்ற சொந்த நிறுவனத்தை உருவாக்கியது. தனியார் முதலீட்டைக் கூட்டிக்கொள்ள அது வழிசெய்தது. அந்த நிறுவனக் குழுமம் பின்னாளில் வீட்டுமனை, கட்டட முதலீடு என்று விரிந்தது. நகர மையத்தைப் புதுப்பிக்க மன்றம் தன் வருவாய்க்குப் பன்மடங்கு மேலாகக் கடன் வாங்கியது. 2023 ஜூனில் புதிய செலவுகளை நிறுத்திவைக்கும் நிதிநெருக்கடி அறிவிப்பை வெளியிட நேர்ந்தது. மன்றத்தை வீழ்த்தியவை எரிசக்திச் சிக்கனப் பணிகளல்ல, கட்டட முதலீடுகளே. ஆயினும் 2.5 லட்சம் பவுண்டை மட்டும் சுற்றவிட்டு, மிச்சம் வந்த பிறகே அடுத்த அடி வைத்த தொடக்ககாலக் கட்டுப்பாட்டை இந்தப் பிற்காலக் கடன்களோடு வைத்துப் பார்க்காமல் வோக்கிங்கை முன்மாதிரி என்று சொல்ல முடியாது.

வெப்ப-மின் நிலையத்தை அப்படியே வெப்பநாட்டுக்குக் கொண்டுவருவதில் பயனில்லை. அதன் இலாபமே வெப்பத்தை விற்பதில் இருக்கிறது. சித்திரை வெயிலில் வெப்பத்துக்கு வாடிக்கையாளர் ஏது? ஆனால் மிச்சத்தை மீண்டும் தன்னிடமே சேர்த்துக்கொள்ளும் வோக்கிங்கின் சுழல்நிதி எந்த ஊருக்கும் பொருந்தும். தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் அதற்குத் தடையாக நிற்பது என்ன என்பதையும் கணக்கு அமைப்பே காட்டுகிறது. நெடுங்காலமாக, கிராம ஊராட்சிக்கு மாநில அரசு பகிர்ந்தளிக்கும் நிதியில் ஒரு பகுதி 'கணக்கு எண் 2' என்ற தனிக்கணக்கில் வைக்கப்படுகிறது. மின் வாரியத்துக்கும், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காகக் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்ட வேண்டிய தொகைகள் அதிலிருந்து போகின்றன. நிலுவை சேராமல் தடுக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கணக்கில் ஊராட்சித் தலைவர் ஆயிரம் யூனிட் மிச்சம் பிடித்தால், அந்தப் பணத்தில் ஊருக்கு ஒரு சாக்கடைப் பாலம்கூடக் கட்டிக்கொள்ள வழியில்லை. மிச்சத்தின் ஒரு பங்கைப் பொதுநிதிக்கோ சிக்கன நிதிக்கோ மாற்ற விதி இடம் தரும்வரை, சிக்கனம் தனிப்பட்ட ஒருவரின் ஆர்வத்தைப் பொறுத்த விஷயமாகவே இருக்கும்.

இனித் தண்ணீர். இங்கேதான் பெரிய தொகை இருக்கிறது. ஆயிரம் லிட்டர் நீரை ஒரு மீட்டர் உயர்த்த இயற்பியல்படி 0.0027 யூனிட் போதும். அறுபது மீட்டர் உயர்த்த 0.16 யூனிட். உண்மையில் ஆகும் செலவு, பம்பும் மோட்டாரும் சேர்ந்து எவ்வளவு திறனோடு இயங்குகின்றன என்பதைப் பொறுத்தது. மொத்தத் திறன் 40 விழுக்காடு என்றால் 0.41 யூனிட்; 60 விழுக்காடு என்றால் 0.27 யூனிட். நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் ஏற்றும் ஒரு நகராட்சியில் இந்த வித்தியாசம் ஏறத்தாழ 680 யூனிட். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் யூனிட்; கரிமக் கணக்கில் 170 டன்னுக்கு மேல். ஒரு குழாய்கூடப் புதிதாகப் போடாமல், ஒருவருக்கும் ஒரு குடம்கூடக் குறையாமல் கிடைக்கும் மிச்சம் இது.

திறன் கெடும் வழிகள் பல. காயில் எரிந்த மோட்டாருக்கு மறுபடி மறுபடி காயில் கட்டி ஓட்டுவது அவற்றில் முதன்மையானது. ஒவ்வொரு முறையும் பழைய கம்பியைச் சூடாக்கி உருவும்போது இரும்பு அடுக்குகளின் காப்பு கெட்டு, அதே வேலைக்கு மோட்டார் கூடுதல் மின்சாரம் கேட்கும். காயில் கட்டும் கூலி சிறிய தொகை, உடனே கட்டிவிடலாம். புது மோட்டாருக்கு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஊர் தண்ணீருக்குக் காத்திருக்காது. ஆகவே பழைய மோட்டார் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது, அதன் ஊதாரித்தனம் மின்கட்டணச் சீட்டில் மறைந்துகொள்கிறது. மாற்று மோட்டார் ஒன்றைக் கையிருப்பில் வைத்திருக்கும் நகராட்சிகளுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை.

பம்பின் அளவு இன்னொரு சிக்கல். எதிர்கால மக்கள்தொகைக்குக் கணக்கிட்டுப் பெரிய பம்பு வாங்கப்படும். இன்றைய தேவைக்கு அது அதிகம் என்பதால் வால்வைப் பாதி மூடி ஓட்டுவார்கள். பம்பு தள்ளும் நீரழுத்தத்தை வால்வு தின்றுவிடும். சுழற்சி வேகத்தை மாற்றும் கருவியைப் பொருத்தினால் வேகம் 20 விழுக்காடு குறையும்போது மின்தேவை பாதியாகும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். உராய்வே முழுச் சுமையாக இருக்கும் நீண்ட சமதளக் குழாய்களில் அது ஏறத்தாழ உண்மை. கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு நேராக ஏற்றும் இடத்தில் உயரமே சுமை. அங்கே வேகத்தைக் குறைத்தால் ஒரு கட்டத்துக்குமேல் தண்ணீர் ஏறவே ஏறாது. அந்த இடத்துக்கு ஏற்ற அளவுள்ள சிறிய பம்பே சரியான மருந்து.

கசிவும் மின்சாரம்தான். ஏற்றிய நீரில் மூன்றில் ஒரு பங்கு வழியில் ஒழுகினால், ஏற்றச் செலவிலும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகிறது. சென்னை போன்ற ஊரில் இதன் கனம் இன்னும் கூடும். மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் தலா நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. கடல்நீரை எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை ஆகிறது. மேலே பார்த்த அறுபது மீட்டர் ஏற்றத்தைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு. அந்த நீர் தெருக்குழாயில் ஒழுகும்போது அதோடு அனல்மின் நிலையத்தின் நிலக்கரியும் ஒழுகுகிறது. கிராமத்தில் இதே விஷயம் மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவதாகக் கண்ணுக்குத் தெரியும். பல ஊராட்சிகளில் மோட்டாரைப் போட்டு நிறுத்துவதும், மாலையில் தெருவிளக்கைப் போட்டுக் காலையில் அணைப்பதும் தொட்டி இயக்குநர் என்ற ஒரே பணியாளரின் பொறுப்பு. நான்கைந்து குக்கிராமங்களுக்கு அவர் ஒருவர் என்றால் ஏதாவது ஒன்று வழிந்துகொண்டுதான் இருக்கும். நீர்மட்டம் அறிந்து தானே நிறுத்தும் கருவியின் விலை அந்த வழிதலோடு ஒப்பிடச் சொற்பம். வீட்டுக்கு வீடு குழாய் இணைப்புத் தரும் ஜல் ஜீவன் திட்டம் 2019-இல் தொடங்கிய பின் நீரேற்றும் நேரம் கூடியிருப்பதால், இது தள்ளிப்போடக் கூடாத வேலையாகிவிட்டது.

தெருவிளக்கில் கணக்கு தெளிவானது. 250 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு சேர்ந்து ஏறத்தாழ 280 வாட் எடுக்கும். அந்த இடத்தில் 110 வாட் எல்இடி போதும். ஆண்டுக்கு நாலாயிரம் மணி நேரம் எரிந்தால் ஒரு கம்பத்தில் 680 யூனிட் மிச்சம். பழைய சோக்குடன் கூடிய 40 வாட் குழல்விளக்கை 20 வாட் எல்இடியாக மாற்றினால் ஏறத்தாழ 130 யூனிட். மத்திய அரசின் தேசியத் தெருவிளக்குத் திட்டம் 2015-இல் தொடங்கியபின் இந்த மாற்றம் நாடெங்கும் வேகம் பிடித்தது. விளக்கை மாற்றுவதோடு நிறுத்திவிட்டு, பகலெல்லாம் எரிய விடும் ஊர்களும் உண்டு. சூரியன் மறையும் நேரத்தை நாள்தோறும் கணக்கிட்டு இயக்கும் கடிகாரச் சுவிட்ச் இல்லாவிட்டால் மிச்சத்தில் ஒரு பகுதி வெயிலில் கரைந்துவிடும்.

முதலீட்டுக்குப் பணம் இல்லாத மன்றங்களுக்கு எரிசக்திச் சேவை நிறுவனங்கள் ஒரு வழி சொல்கின்றன. நிறுவனம் தன் செலவில் விளக்கை மாற்றும். மிச்சமாகும் மின்கட்டணத்தில் பெரும்பங்கைச் சில ஆண்டுகளுக்கு அது எடுத்துக்கொள்ளும். ஏற்பாடு நியாயமானதே. ஆனால் அதன் உயிர்நாடி அடிப்படைக் கணக்கு. ஒப்பந்தத்துக்கு முன் நூறு விளக்கில் முப்பது எரியாமல் கிடந்திருந்தால் பழைய கட்டணம் குறைவாகவே இருந்திருக்கும். எல்லாக் கம்பத்திலும் எல்இடி எரியத் தொடங்கியதும் கட்டணம் குறையாமல் போகலாம். நூறும் எரிந்ததாக வைத்துக் கணக்கிட்டால் நடக்காத மிச்சத்துக்கு மன்றம் பணம் கட்டும். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் எல்இடியின் டிரைவர் பழுதாகும்போது எத்தனை நாளில் மாற்ற வேண்டும், தரையில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும், யார் அளப்பது என்பவை ஒப்பந்தத்தில் இல்லையென்றால் மிச்சம் நிறுவனத்துக்கும் இருட்டு ஊருக்கும் போகும்.

சிக்கனத்தைக் கடந்து உற்பத்திக்கே போன ஊராட்சி கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஓடந்துறை. ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில் முதலில் சூரியத் தெருவிளக்குகளும், குடிநீர் ஏற்ற மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் 9 கிலோவாட் இயந்திரமும் வந்தன. பிறகு 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சி வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி 1.15 கோடி வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அல்ல. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் அது சுழல்கிறது. அங்கே தொகுப்பில் சேரும் யூனிட்டுகள் ஓடந்துறையின் இணைப்புகளில் கழித்துக்கொள்ளப்படுகின்றன. ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட். ஊராட்சியின் தேவை 4.5 லட்சம். எஞ்சியது மின் வாரியத்துக்கு விற்பனை. நிலக்கரி மின்சாரத்துக்கு ஈடாக வைத்தால் ஆண்டுக்கு நானூறு டன்னுக்கு மேல் கரிமம் தவிர்க்கப்படுகிறது. இங்கே மிச்சம் ஊராட்சியின் சொந்த வருவாயாக நின்றது. அதுவே கடனை அடைத்தது.

ஓடந்துறையைப் பார்த்துப் போக வெளியூர்களிலிருந்து எத்தனையோ குழுக்கள் வந்தன. காற்றாலை வாங்கிய ஊராட்சிகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. கையில் சேமிப்பு, கடன் தரத் துணியும் வங்கி, தொகுப்பின்வழி மின்சாரத்தைக் கொண்டுசெல்ல அனுமதி மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவருவது அரிது. காற்றுக்காலத்து மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் இருப்பு வைத்துப் பின்னால் எடுத்துக்கொள்ளும் சலுகையும் புதிய காற்றாலைகளுக்குக் கடினமாகிவிட்டது. இன்று முதலீடு செய்யும் மன்றத்துக்கு நீரேற்று நிலையத்தின் கூரையிலோ வளாகத்திலோ சூரியத் தகடு அமைப்பதே எளிது: உற்பத்தியும் பயன்பாடும் ஒரே இடத்தில், பகல் நேரத்தில். மேல்நிலைத் தொட்டியைப் பகலில் நிரப்பி வைத்தால் மின்கலம்கூடத் தேவையில்லை. தொட்டியே சேமிப்பு.

கழிவில் கரிமக் கணக்கு வேறு மாதிரி. குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் மக்கும் காய்கறியும் சோறும் மீத்தேனை வெளியிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல 27 மடங்குக்கு மேல் வெப்பம் பிடிக்கும். ஆகவே சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற குப்பைமேடுகளுக்குப் போகும் மக்கும் குப்பையை வார்டிலேயே பிரித்து உரமாக்குவது, உமிழ்வைக் குறைப்பதில் தெருவிளக்கு மாற்றத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. லாரி டீசலும் மிச்சம். கழிவுநீர்ச் சகதியிலிருந்து வரும் வாயுவைப் பிடித்து எஞ்சின் ஓட்டி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை அங்கேயே எடுக்கலாம். சென்னையின் கோயம்பேடு, கொடுங்கையூர் முதலிய நிலையங்கள் இதைச் செய்து காட்டியுள்ளன.

மன்றத்தின் சொந்த உமிழ்வு ஊரின் மொத்த உமிழ்வில் சிறுபகுதியே. பிரிட்டனின் பருவநிலை மாற்றக் குழு 2020-இல் மதிப்பிட்டபடி உள்ளாட்சிகளின் நேரடிப் பங்கு 2 முதல் 5 விழுக்காடு. ஆனால் அவற்றின் அதிகாரமும் செல்வாக்கும் எட்டும் துறைகளைச் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு. அந்த எட்டும் கைகளில் வலியது கட்டட அனுமதி. லண்டனின் மெர்ட்டன் மன்றம் 2003-இல் ஒரு விதி செய்தது: ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய வணிகக் கட்டடங்கள் தம் எரிசக்தித் தேவையில் பத்து விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க வழியில் வளாகத்திலேயே பெற வேண்டும். பல மன்றங்கள் அதைப் பின்பற்றின. மன்றத்துக்குக் காசு செலவில்லாத விதி அது. பத்து விழுக்காடு என்பது மொத்தத் தேவையின் பங்கு என்பதால், கட்டுநர்கள் தகடுகளின் எண்ணிக்கையைக் குறைக்கக் கட்டடத்தின் தேவையையே குறைத்து வரைந்தனர்.

தமிழ்நாட்டில் இதற்கு நிகரான அனுபவம் 2003-இன் மழைநீர் சேகரிப்பு ஆணை. எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டு, வரைபட அனுமதியோடு பிணைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் மொட்டைமாடிக் குழாய்கள் தரைக்குத் திரும்பின; பிறகு ஆய்வு தளர்ந்த இடங்களில் தொட்டிகள் மண்மூடின. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூரை, மேற்குச் சுவருக்கு நிழல், சூரியத் தகட்டுக்கு ஒதுக்கிய மாடிப்பரப்பு ஆகியவற்றையும் இதே வழியில் கட்டாயமாக்கலாம். அனுமதியின்போது வரைபடத்தில் பார்ப்பதோடு நிற்காமல், நிறைவுச் சான்று தருமுன் மாடியேறிப் பார்க்க ஒரு பொறியாளர் வேண்டும். அவருடைய ஊதியத்தையும் சிக்கன நிதியிலிருந்தே கொடுக்கலாம்.